உரக்காரன் வீட்டுச் சோளம்

ஜூன் 9

மக்காச்சோளம் கணுக்கால் உயரத்துக்கு வந்திருக்கிறது. கீழ் இலைகளின் ஓரமெல்லாம் ஊதா. போன வாரம் முழுக்கக் குளிர், அதனாலா? இல்லை, நான் அடியுரம் போடாமல் விட்டதாலா? இரண்டு புத்தகங்களைப் புரட்டினேன். ஒன்று மணிச்சத்துக் குறை என்கிறது, இன்னொன்று கவலைப்படாதே என்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் நம்ப முடிகிறது. அதுதான் என் தொல்லை.

பக்கத்து வீட்டு அம்மா, மார்லிஸ், வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன பொண்ணே, உன் சோளத்துக்கு உதடெல்லாம் ஊதாவா கிடக்கு? ஒரு ஸ்வெட்டர் பின்னிப் போடேன்."

"என்ன போடணும் மார்லிஸ்?"

"என்னையா கேக்கிற? ஊர்ல பாதி வயலுக்கு உரம் அனுப்புறவன் உன் வீட்டுலதான் குறட்டை விடுறான். அவனைக் கேளு."

என் புருஷன் வெஸ்ஸைக் கேட்கவில்லை. கூட்டுறவுக் கிடங்கில் நாள் முழுக்க அவன் வேலையே இதுதான். யார் வயலுக்கு எவ்வளவு, எப்போது என்று மனக்கணக்காகச் சொல்வான். நான் கேட்டால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும்.

மே மாதம் டுலூத் நகர நூலகத்திலிருந்து கூப்பிட்டு, முழுநேர வேலை உனக்குத்தான், செப்டம்பரில் சேரலாம் என்றார்கள். இங்கிருந்து நாலு மணி நேரம் வடக்கே. அவன் கிடங்கை விட்டு வர முடியாது. போகட்டுமா என்று கேட்டேன். "உன் இஷ்டம் ப்ரிட்டா. நான் குறுக்க நிக்கமாட்டேன்" என்றான். பிறகு எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டான்.

அது பெருந்தன்மையா, அக்கறையின்மையா? இன்னும் தெரியவில்லை. அந்த வாரம்தான் பின்புறப் புல்தரையைக் கொத்திச் சோளம் விதைத்தேன். யாரையும் கேட்காமல்.

ஜூன் 17

வெயில் வந்தது. ஊதா போய்விட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை. சிலது விட்டுவைத்தால் தானே சரியாகும். எது எது என்றுதான் யாரும் எழுதிவைக்கவில்லை.

ஜூன் 24

முழங்கால் உயரம். மேலுரம் கொடுக்கிற வேளை. மீன் உரக் கரைசல் வாங்கி வந்து, தண்ணீரில் கலந்து, செடிகளின் அடியில் ஊற்றினேன். போத்தலில் எழுதியிருந்ததில் பாதி அளவுதான். நாற்றம் தெருவரை போனது. மார்லிஸின் பூனை வரிசைகளுக்கு நடுவே பெரிய மனுஷி மாதிரி நடந்து சோதனை போட்டது.

வெஸ் வீட்டுக்குள் வந்ததும் மூக்கைச் சுருக்கினான்.

"மீன் வாங்கினியா?"

"இல்லை. சோளத்துக்கு."

"ஓ. சரி."

இன்று நாங்கள் பேசியது இவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்லது என்றாவது, தண்டம் என்றாவது.

ஜூலை 2

என்ன வளர்த்தி! இலைகள் கறுப்பென்று சொல்லும் அளவுக்குப் பச்சை. மீனுக்கு இவ்வளவு சக்தியா? பாதி அளவுதானே ஊற்றினேன். மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். என்னவோ எனக்கே திறமை இருக்கிறாற்போல ஒரு பெருமை.

ஜூலை 5

பெருமை அடங்கியது. இலை ஓரங்கள் கருகியிருக்கின்றன, காகிதத்தைத் தீயில் காட்டி எடுத்தது மாதிரி. தாகமாக இருக்கும், இல்லாவிட்டால் உரம் மிஞ்சியிருக்கும் என்கிறது புத்தகம். தாகமில்லை, மண் ஈரமாகத்தான் இருக்கிறது. மிஞ்சுவதற்கு நான் எங்கே போட்டேன்? ஒன்றும் புரியவில்லை.

ஜூலை 7

இன்று குருத்தைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாய்ச் சின்ன உருண்டைகள், பாதி கரைந்த ஜவ்வரிசி போல. ஒரு செடியில் மட்டுமில்லை, ஒரு வரிசை முழுக்க. முதலில் பூச்சி முட்டை என்று பயந்தேன். பிறகுதான் தெரிந்தது, இவற்றை எத்தனை தடவை பெருக்கித் தள்ளியிருக்கிறேன்! வெஸ்ஸின் பூட்ஸிலிருந்து வாசலில் உதிர்வது இதுதான். யூரியா.

அவன்தான். வேலைக்குப் போகும் முன், நான் எழுவதற்குள்.

ஏன் சொல்லவில்லை? என்மேல் பிரியமா? இல்லை, உரக்காரன் பெண்டாட்டியின் சோளம் நோஞ்சானாக நின்றால் கிடங்கில் சிரிப்பார்களே, அதனாலா? ஒரே வெள்ளை உருண்டைக்கு இரண்டு அர்த்தம். புத்தகங்களில் மனிதர்கள் ஒரு பக்கம் முழுக்கப் பேசி எல்லாவற்றையும் தெளிவாக்கிவிடுகிறார்கள். எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

மீனை நிறுத்திவிட்டேன். அவனுக்குச் செய்ய ஆசையென்றால் செய்யட்டும். கண்டுபிடித்ததைச் சொல்லவில்லை. சொன்னால் கூச்சப்படுவான்.

ஜூலை 9

மழை.

ஜூலை 10

மழை.

ஜூலை 16

தோட்டத்து மண் மணற்பாங்கு. போட்டதையெல்லாம் மழை அடித்துக்கொண்டு போயிருக்கும். கீழ் இலைகள் நுனியிலிருந்து நடு நரம்பு வழியே மஞ்சளாகின்றன. இதில் மட்டும் இரண்டு புத்தகமும் ஒத்துப்போகின்றன: தழைச்சத்துப் பசி.

தினமும் காலையில் குருத்தைப் பிரித்துப் பார்க்கிறேன். ஒன்றுமில்லை. வெஸ் காபியோடு சமையலறை ஜன்னலில் நின்று தோட்டத்தைப் பார்க்கிறான். பார்ப்பதோடு சரி, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

ஏன் நிறுத்தினான்? சலித்துவிட்டதா? சோளமா, நானா?

டுலூத்திலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். மாத முடிவுக்குள் சொல்ல வேண்டுமாம். அதையும் அவனிடம் சொன்னேன். "அவங்களைக் காக்க வைக்காத" என்றான். காக்க வைக்காதே என்றால் போ என்றா, வேண்டாமென்று சொல் என்றா?

ஜூலை 21

மார்லிஸ்: "உரக்காரன் வீட்டுச் சோளத்துக்கு மஞ்சக்காமாலை! அவன்கிட்ட உரம் வாங்கினவன் எல்லாம் இன்னிக்கு ராத்திரி தூங்கமாட்டான்."

எப்போதும் சிரிப்பேன். இன்று முடியவில்லை. அவரும் பார்த்துவிட்டார்போல. கொஞ்ச நேரம் கழித்து ஒரு தட்டில் எலுமிச்சை கேக் துண்டுகள் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் போய்விட்டார். இதுவும் என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கும்.

என் பகுதிநேர வேலை முடிந்து வரும்போது நாற்சந்தியில் நானும் எதிரே ஒரு டிராக்டர்காரரும். நீங்க போங்க என்று நான் கை காட்ட, இல்லை நீங்க என்று அவர் காட்ட, கடைசியில் இருவரும் ஒன்றாகக் கிளம்பி இருவரும் பிரேக் போட்டோம். காரில் தனியாக இருந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

ஜூலை 26

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

சாப்பிடும்போது அவனே ஆரம்பித்தான். தட்டைப் பார்த்துக்கொண்டு.

"மீனை நிறுத்திட்டியா?"

"நீ போடறியேன்னு நிறுத்தினேன்."

கரண்டி அப்படியே நின்றது. "உனக்குத் தெரியுமா?"

"குருத்துக்குள்ள கொட்டி வச்சிருந்தா தெரியாதா? ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கிறவன், குருத்துலயா கொட்டுவ?"

"விடிஞ்சும் விடியாம போட்டேன்... ஓரம் கருகினதும் என்னாலதான்னு தெரிஞ்சுபோச்சு. இது உன் சோளம், நான் கெடுக்க வேண்டாம், நீயே பார்த்துக்குவன்னு விட்டுட்டேன்."

நான் அவனுக்காக விட்டேன். அவன் எனக்காக விட்டான். நடுவில் சோளம் பட்டினி கிடக்கிறது!

"ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீ கேக்கலையே."

அதுதான். அங்கேதான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "டுலூத் பத்திக் கேட்டேனே! வாயத் திறந்து கேட்டேனே! என்ன சொன்ன? என் இஷ்டமா? நான் இருந்தா என்ன, போனா என்னன்னு இருக்கா உனக்கு?"

"என்ன சொல்லச் சொல்ற? போகாதன்னா? சரி, போகாத. போதுமா? நீ போறது எனக்குப் பிடிக்கலை. மே மாசத்துலேருந்து பிடிக்கலை. ஒரு நாள்கூடப் பிடிக்கலை!"

வெஸ் கத்தி நான் கேட்டதே இல்லை. அந்தப் பக்கம் மார்லிஸ் தன் ஜன்னலை மெதுவாக இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்? கேட்டதும் கட்டிக்கொள்வேன் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து வந்தது: "எனக்குப் போகணும் வெஸ்."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவன் மனதில் என்ன என்று குடைந்து குடைந்து, என் மனதில் என்ன என்று நான் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. அப்படித்தானா? இல்லை, அவன் போகாதே என்றதால் வந்த வீம்பா? இல்லை. வீம்பில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"அப்போ போ. ஆனா எனக்குப் பிடிக்கலைன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போ" என்றான். பாத்திரங்கள் அப்படியே கிடக்கின்றன. இந்த வீட்டில் முதல் தடவையாக.

ஜூலை 27

காலையில் இருவரும் தோட்டத்தில். கதிர்களில் பட்டு இழை வெளியே வந்துவிட்டது. இனிமேல் போடுவதெல்லாம் தாமதம்தான் என்றான், போடாமல் விடுவதற்கு அது பரவாயில்லை என்றும் சொன்னான். வரிசையை ஒட்டி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, அவன் கோடு கிழித்தான். நான் யூரியா தூவினேன், மண் தள்ளினேன்.

"கையத் தாழ்த்திப் போடு. இலையில படாம."

"யார் சொல்றது பாரு."

அவன் சிரிக்கவில்லை. நானும்தான். அப்புறம் தண்ணீர் விட்டோம்.

ஜூலை 30

டுலூத்துக்குக் கூப்பிட்டு, வருகிறேன் என்று சொன்னேன். வெஸ்ஸிடமும் சொன்னேன். சன்னமாக, "எனக்குக் கோபமா இருக்கு" என்றான். தெரியும் என்றேன். ஒரு மனிதன் தனக்குக் கோபம் என்று சொல்வது இவ்வளவு நிம்மதியாக இருக்குமா?

ஆகஸ்ட் 19

அடுப்பில் தண்ணீர் கொதித்த பிறகுதான் போய்க் கதிரை ஒடித்தோம், ஒடித்த கையோடு வேகவைத்தால்தான் இனிக்குமாம். கதிர்கள் குட்டை. நுனியில் மணியே பிடிக்கவில்லை. சிலவற்றில் பாதிதான் தேறியது. மார்லிஸை அழைத்தோம்.

"பொக்கை வாய்ச் சோளம்" என்றார், கதிரை வெண்ணெய்க் கட்டி மேல் உருட்டிக்கொண்டே. "ஆனா இனிக்குது. என்னடா வெஸ், உன் பொண்டாட்டி வடக்க போறாளாமே?"

"ஆமா."

"உனக்குச் சம்மதமா?"

"இல்லை" என்றான் வெஸ், இன்னொரு கதிரை எடுத்துக்கொண்டு. மார்லிஸ் உப்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

செப்டம்பர் 10, டுலூத்

அறை சின்னது. இந்த ஊர்ப் பெரிய ஏரி, பக்கத்துக் கட்டடத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வேலை பிடித்திருக்கிறது. மாலையானால் இங்கே என்ன செய்கிறேன் என்று குழப்பமாக இருக்கிறது. தினமும் போனில் சண்டை. இது எவ்வளவு நாள் ஓடும் என்று இருவருக்கும் தெரியவில்லை. அதையும் சொல்லியே சண்டை போடுகிறோம்.

இன்று: "வெள்ளிக்கிழமை வரேன்."

"எதுக்கு அவ்வளவு தூரம்? வேண்டாம் வெஸ், உனக்கு அலைச்சல்."

"நிஜமாவே வேண்டாமா, சும்மா சொல்றியா?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். பிறகு சொன்னேன். "சும்மா."

"அப்போ வரேன்."

வெள்ளிக்கிழமை நான் வேலையிலிருந்து வர இருட்டிவிடும். அவனுக்காகச் சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.