கரியால் தேய்த்த அடைப்பு

செவ்வாய்க்கிழமை, இரவு

என் முன்பல்லில் அடைத்த வெள்ளை அடைப்பு பழுப்பாகிவிட்டது. "ஒழுங்காப் பல்லுத் தீட்டினாத்தானே!" என்று அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி அம்மா தினமும் ஏசினார். அவர் இடித்துத் தந்த கரித்தூளால்தான் நான் தீட்டினேன்.

இன்று முருங்கன் ஆஸ்பத்திரியில் பல் டொக்டர் விளக்கினார். கரி தேய்த்ததில் அடைப்பின் மினுக்கம் போய்ச் சொரசொரப்பாகிவிட்டதாம். அதில் தேத்தண்ணிச் சாயம் ஊறிப் பிடிக்குமாம்.

"ஆர் பிள்ளை, கரியாலை தீட்டச் சொன்னது?" என்று கேட்டார்.

என் வாய்க்குள் கருவி இருந்தது. அம்மா முந்திக்கொண்டார். "இவளாத்தான் போட்டவள், டொக்டர். சொன்னாக் கேக்கமாட்டாள்."

டொக்டர் என்னை ஏசிவிட்டு அடைப்பை மினுக்கிவிட்டார்.

பஸ்ஸில் கேட்டேன், "ஏனம்மா பொய் சொன்னீங்கள்?"

"அவர் என்னை ஏசினா உனக்குச் சந்தோசமோ?"

என்னை மட்டும் ஏசலாமா? நாளைக்கு அடுத்த வீட்டுக்கு நானே போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்.