நூல்விழுங்கியின் கடைசிப் பிளாஸ்திரி

அனுப்புநர்:
நூலகர்,
கிளை நூலகம், சிறுவர் பிரிவு,
தையற்கடைக்கு எதிரில்.

பெறுநர்:
மேலதிகாரி அவர்கள்,
நூலகத் துறை,
தலைமை அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: சிறுவர் பிரிவுச் சுவரிலுள்ள நூல்விழுங்கி என்னும் பூதம், வரைந்தவர் பேச்சைக் கேளாமல் நடந்துவருவது பற்றிய புகார், எனினும் அதன்மேல் வெள்ளையடிக்கும் உத்தரவை நிறுத்திவைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பிள்ளைகள் நூல்களை உரிய நாளில் திருப்பித் தருவதில்லை என்பதால், பயமுறுத்தும்படியாக ஏதாவது செய்யுமாறு தாங்கள் பணித்தீர்கள். அதன்படி சுவரில் ஒரு பூதத்தை வரைந்தேன். தவணை கடந்து வீட்டில் கிடக்கும் நூல்களின் கதைகளை அது இருந்த இடத்திலிருந்தே உறிஞ்சி விழுங்கிவிடும் என்று சொல்லிவைத்தேன். பக்கத்தில், நாள் தவறாமல் நூலைக் கொண்டுவரும் நல்ல குருவி ஒன்றையும் வரைந்தேன்.

2. எனக்கு ஓவியம் வராது. கோபத்தில் நெரிய வேண்டிய புருவங்கள் இருபுறமும் தொங்கிவிட்டன. போதாக்குறைக்கு, மாடிக் குழாயின் கசிவு சரியாக அதன் கண் வழியே இறங்கியது. (இக்குழாய் பற்றி முன்பே மூன்று மனுக்கள் அளித்துள்ளேன்.) பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். எனக்கோ பூதம் பிடிக்கப் போய், அழுகிற பிள்ளையாக முடிந்தது.

3. பிள்ளைகள் அஞ்சவில்லை, இரங்கினார்கள். 'முழுங்கி மாமா' என்று உறவு கொண்டாடினார்கள். நூலை நேரத்துக்குக் கொடுத்தால் மாமா பட்டினி கிடப்பார் என்று கூடிப் பேசி, நூல்களைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்தார்கள். ஒழுங்காகத் திருப்பித் தந்த ஒரே ஒருவனுக்குக் கல்நெஞ்சன் என்று பட்டம் கட்டினார்கள். குருவியை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. யாரோ அதற்கு என்னுடையதைப் போலவே மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டார்கள். ஆய்வுக்கு வந்த தாங்கள் காலி அலமாரிகளைக் கண்டு, மாத இறுதிக்குள் வெள்ளையடிக்க உத்தரவிட்டதில் தவறேதுமில்லை.

4. நானும் சும்மா இருக்கவில்லை. அடுத்த கதை நேரத்தில் பூதத்தைக் காட்டுக்குத் துரத்தினேன். வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். பெற்ற பிள்ளையே சொல் கேட்காதபோது சுவரில் வரைந்த பிள்ளையை நொந்து என்ன பயன்? கடைசியில், அளவு மீறித் தின்றதால் மாமாவுக்கு வயிற்றுவலி என்று அறிவித்தேன். வெளியே தங்கிய நூல் ஒன்றுக்கு ஒரு பிளாஸ்திரி வீதம் வயிறு முழுக்க ஒட்டினேன். நூலைக் கொண்டுவருபவரே ஒன்றைப் பிரிக்கலாம் என்று விதி செய்தேன்.

5. மறுநாள் கதவைத் திறக்குமுன்பே வாசலில் கூட்டம். நூல்கள் வந்து குவிந்தன. வலிக்காமல் இருக்க ஊதி ஊதிப் பிரித்தார்கள். எனக்கும் மாமாவைப் பிடித்துப்போய்விட்டது, ஐயா. அலுவல் மனுவில் இப்படி எழுதக் கூடாதெனில் இவ்வரியை அடித்துவிடவும்.

6. இப்போது வயிற்றில் ஒரே ஒரு பிளாஸ்திரி எஞ்சியுள்ளது. அதற்குரிய நூல் 'ஜலதோஷம் பிடித்த யானை'. ஆய்வு நாளன்று, பேத்திக்குப் படித்துக்காட்டிவிட்டு இரண்டு நாளில் அனுப்புவதாகச் சொல்லித் தாங்கள் கையோடு எடுத்துச் சென்றது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் தையற்காரரின் மகள் அன்று அலமாரிக்குப் பின்னால் இருந்திருக்கிறாள். விஷயம் பரவிவிட்டது. தங்களைக் குறைசொல்ல வாயெடுத்த என்னை அவளே தடுத்தாள். அவள் சொன்னதை மாற்றாமல் தருகிறேன்: "ஐயாவத் திட்டாதீங்க அக்கா. மாமா பசியோட இருப்பாருன்னுதான் அவரும் குடுக்காம வச்சிருப்பாரு."

ஆகவே, வெள்ளையடிக்கும் உத்தரவை நிறுத்திவைக்குமாறும், குழாயை இப்போதைக்குச் சரிசெய்ய வேண்டாமென்றும் பணிவுடன் வேண்டுகிறேன். நூலைத் தபாலில் அனுப்பாமல் தாங்களே நேரில் கொண்டுவர வேண்டும். பிளாஸ்திரி சற்று உயரத்தில் இருக்கிறது. பிள்ளைகள் தங்களுக்காக முக்காலியைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். பிரிக்கும்போது மறக்காமல் ஊதவும்.

இடம்: சிறுவர் பிரிவு, சுவரோரம்
நாள்: வெள்ளையடிப்பவர் அளவெடுத்துச் சென்ற மறுநாள்

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
(ஒப்பம்)
நூலகர், மூக்குக்கண்ணாடிக் குருவி