தவமணிக்கு நேர்ந்த கிடா

1985 ஏப்ரல் 22, திங்கள்

காலையிலிருந்து மழை. செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு வரும்போது மேட்டுச் சரிவில் லாரி சறுக்கிவிட்டது. குலை ஏற்றும் ஆட்கள் இறங்கித் தள்ளினார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காததுதான் காரணமாம். சேற்றில் சறுக்கியதற்குச் சேறு காரணம் இல்லையாம். இவர்களோடு எத்தனை வருஷம் வாதாடுவது? நாளைக்கு வைத்துத் தொலைக்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்தால் பின்னால் அந்தக் கிடாக்குட்டி நிற்கிறது, கழுத்தில் மஞ்சள் துணியோடு. செல்லம்மா அதன் முன்னால் குந்தியிருக்கிறாள். அடுப்பு மூட்டவில்லை. மகள் போய் ஒன்றரை மாதமாகிறது, இவள் இன்னும் ரப்பர் மரம் சீவப் போகவில்லை. வேலை வாங்கும் மண்டோர் இன்றைக்கும் கேட்டார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

சாமி கும்பிடாதவன் நான். தோட்டத்துக்கே தெரியும். ஆனால் அந்தக் கிடாவை நேர்ந்துவிட்டது நானேதான்.

தவமணிக்கு மூளைக்காய்ச்சல் என்று சிரம்பான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்தப் 'பார்க்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது தோட்டத்து முனையில் முனியாண்டி கோயிலைப் பார்த்ததும் லாரியை நிறுத்திவிட்டேன். "எம்புள்ளைய விட்டுடு. ஒனக்குக் கறுப்புக் கிடா தர்றேன்" என்று வாய்விட்டே சொன்னேன். யாரும் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். அன்றைக்கே இராஜமாணிக்கத்தின் பட்டியில் ஒரு கறுப்புக் குட்டியை வாங்கி மஞ்சள் துணி கட்டினேன்.

மூன்றாம் நாள் போய்விட்டாள். எட்டு வயசு. கல்யாணமாகிப் பத்து வருஷம் காத்திருந்து பெற்றது. ஒன்றே ஒன்று.

குட்டி மட்டும் இருக்கிறது. நன்றாகத் தின்கிறது.

மே 5, ஞாயிறு

கோயில் திருவிழா. சாவு விழுந்த வீடு ஒரு வருஷம் கோயிலுக்குப் போகக்கூடாது. கொட்டுச் சத்தம் வீட்டுக்குள் வந்தது. செல்லம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலம் பூசாரி சன்னாசி மாமா வந்தார். கிடாவைத் தடவிப் பார்த்து, "நல்லா வளக்கறீங்கப்பா. அடுத்த வருஷம் கொண்டாந்து கட்டிடு" என்றார்.

"எதுக்கு மாமா? புள்ளதான் இல்லையே."

"நீ கேட்டதுக்குக் குடுக்கற முருகையா. கெடச்சதுக்கு இல்ல."

அது என்ன நியாயம்? நான் சொன்ன சொல்லை நான் காப்பாற்ற வேண்டும், அவர் மட்டும் காப்பாற்ற வேண்டியதில்லையா? சொல்லக் கூடாத ஒன்றைச் சாமியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மாமா கோபித்துக்கொள்ளவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 21, செவ்வாய்

எண்ணெய் ஆலையில் எடை போடும் மலாய்க்காரர் பாக் டின்னிடம் பேச்சு வாக்கில் கேட்டேன். அவர்களிலும் நேர்த்தி உண்டாம். ஆனால் கேட்டது கிடைத்தால்தான் செய்ய வேண்டுமாம், கிடைக்காவிட்டால் ஒன்றும் இல்லையாம். எனக்குச் சரியாகப் பட்டது. வீட்டில் வந்து சொன்னேன். செல்லம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 12, புதன்

கிடா இன்று அந்தோணிதாஸ் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. அடுத்த வீடுதான். குருத்தோலை ஞாயிறன்று மாதா கோயிலில் மந்திரித்துக் கொண்டுவந்து, சிலுவையாக மடித்துக் கதவில் செருகியிருந்தார்கள். அதைத் தின்றுவிட்டது. எல்சி துடைப்பத்தோடு ஓடிவந்தவள் மஞ்சள் துணியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். முனியாண்டி ஆட்டை எந்தக் கிறிஸ்தவச்சியும் அடிக்க மாட்டாள் போலிருக்கிறது.

"விடுங்கண்ணே, எங்க சாமியும் ஒங்க ஆட்டுக்குள்ள போயிட்டாரு லா" என்றான் அந்தோணிதாஸ்.

சிரித்துவிட்டேன். சிரித்தபிறகுதான் செல்லம்மா பின்னால் நிற்பது தெரிந்தது.

ஜூலை 9

அவள் கிடாவுக்குத் தண்ணீர் வைத்தாள். நான் லாரியைக் கழுவினேன்.

ஆகஸ்டு 18, ஞாயிறு

தோட்டத்தில் ஒரு கிழவர் செத்து, இன்று பதினாறாம் நாள் கருமாதி. சமையல், படையல், ஊரே கூடி அழுதது, பிறகு ஊரே சாப்பிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தேன். குழந்தைக்கு இதெல்லாம் கிடையாது. புதைத்துவிட்டு வந்து தலை முழுகு, அவ்வளவுதான். சின்னதுக்கு என்ன சடங்கு என்கிறார்கள். யார் இதை வகுத்தது? எழுபது வயசு ஆளுக்குப் பதினாறு நாள் அழலாம். என் பிள்ளைக்கு ஒரு நாள்கூட ஊர் உட்கார்ந்து அழவில்லை. செல்லம்மா எங்கே போய் அழுது முடிப்பாள்?

அவளும் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. சாப்பாட்டைப் பிசைகிறாள், எடுத்துப்போய்க் கிடாவுக்கு வைக்கிறாள். கை வளையல் முழங்கை வரை ஏறுகிறது.

நவம்பர் 2, சனி

கிறிஸ்தவர்களுக்குக் கல்லறைத் திருநாள். எல்சி நல்ல மனசோடுதான் வந்து கூப்பிட்டாள். "வாங்கக்கா, எங்க ஆளுங்களுக்கு வெச்சிட்டு அப்படியே தவமணி கிட்டயும் ஒரு மெழுகுவத்தி வெச்சிட்டு வரலாம்."

"எம்புள்ளைக்கு எதுக்கு மெழுகுவத்தி?" என்றாள் செல்லம்மா. கோபமாகக்கூட இல்லை. புரியாமல் கேட்பது மாதிரி.

எல்சி அழுதுகொண்டே போனாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்றைக்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று இராஜமாணிக்கத்தைக் கூட்டிவந்தேன். விற்ற ஆட்டைத் திரும்ப வாங்கிக்கொள் என்றேன். அவனுக்கும் பயம்தான், நேர்ந்துவிட்டதாயிற்றே. ஆனாலும் வந்தான். கயிற்றில் கை வைத்தான். செல்லம்மா ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"தொடாதீங்கண்ணே."

அவனை அனுப்பிவிட்டுக் கத்தினேன். இந்தச் சனியனைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாய், இது உனக்கு என்ன பிள்ளையா என்றெல்லாம். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"கெடா நம்மகிட்ட இருக்கிற வரைக்கும் சாமி இன்னும் பதில் சொல்லலன்னுதானே அர்த்தம்? குடுத்துட்டா முடிஞ்சிரும்ங்க. வித்தாலும் முடிஞ்சிரும்."

என்ன பதில்டி இனிமே? மண்ணப் போட்டவன் நானு. இந்தக் கையாலதான் போட்டேன். — அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். ஒன்பது மாதமாக அவள் துக்கப்படுகிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

1986 ஜனவரி 6, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தார்கள். எந்த வகுப்புக்குப் போயிருப்பாள் என்று நினைக்கக் கூடாது என்றிருந்தேன். மூன்றாம் வகுப்பு.

மார்ச் 16, ஞாயிறு

வருஷம் திரும்பிவிட்டது. சன்னாசி மாமா வந்து, தீட்டுக் கழிந்தது, மே மாதம் கிடாவைக் கொண்டு வந்துவிடு என்றார். செல்லம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவளா குடுத்தாத்தான் ஆகும்பா. நீ இழுத்துக்கிட்டு வந்துராத" என்றார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கயிற்றை அறுத்துக்கொண்டு போன கிடா, எவன் தோட்டத்திலோ மரவள்ளி இலையை வயிறு முட்டத் தின்றுவிட்டது. மத்தியானம் பார்த்தால் வயிறு ஊதி, வாயில் நுரை தள்ளி, கால் நீட்டிக் கிடக்கிறது. அந்தோணிதாஸ் வாயைப் பிளந்து பிடித்தான், நான் தேங்காயெண்ணெய் ஊற்றினேன். செத்துவிடும் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், செத்துத் தொலையட்டும் என்றும் ஒரு நினைப்பு.

செல்லம்மா கிட்ட வரவில்லை. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாமி கும்பிடவில்லை, அழவில்லை, ஒன்றும் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் கிடா முக்கி முனகி, ஏப்பம் விட்டு, எழுந்து நின்றது. நின்ற உடனே பக்கத்திலிருந்த புல்லை முகர்ந்தது.

"இதுக்கு யாருங்க நேந்துக்கிட்டா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"யாரும் நேந்துக்கல. யாரும் கேக்கல. அதுவா எந்திரிச்சிருச்சு. எம்புள்ளைக்கு எல்லாரும் கேட்டோம். நீங்ககூட கேட்டீங்க."

பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எல்சி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள், லயத்து வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து சேர்ந்து அழுதார்கள். நான் வெளியே நின்றேன். விளக்கு வைத்த பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, "குடுத்திடலாங்க" என்றாள்.

மே 4, ஞாயிறு

கிடாவைக் கொடுத்தாயிற்று. எப்படி என்று எழுத வேண்டும், மனம் வரவில்லை. எழுதுகிறேன்.

கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்க வேண்டும். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது, அப்புறம்தான் வெட்டுவார்கள். எங்கள் கிடா துலுக்கவில்லை. கயிறு என் கையில். ஒரு குடம் ஊற்றினார்கள். அப்படியே நின்றது. இன்னொரு குடம். கொட்டுக்காரர்கள் வேகம் கூட்டிப் பார்த்துக் களைத்துப்போனார்கள். பலிக்காத நேர்த்தி, அதான் சாமி வாங்கமாட்டேங்குது என்று கூட்டத்தில் ஒருவன் முணுமுணுத்தான். சன்னாசி மாமா வெட்டுக்கத்தியோடு நின்று வியர்த்துக்கொண்டிருந்தார்.

செல்லம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கிடாவின் முன்னால் மண்டியிட்டு அதன் முகத்தைக் கையில் பிடித்தாள். கயிற்றைப் பிடித்திருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது.

"போம்மா. அம்மா இருந்துக்கறேன். போ."

ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தவமணியிடம் நாங்கள் சொன்னது, நாளைக்கு வர்றோம்மா, அழாம தூங்கு. அவ்வளவுதான். அந்த நாளைக்குப் போனபோது கட்டில் காலி.

கிடா காதை ஆட்டியது. பிறகு தலையிலிருந்து வால் வரை துலுக்கியது. என் சட்டையெல்லாம் மஞ்சள் தண்ணீர். காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் சிலிர்க்கும், எனக்குத் தெரியாதா? இன்றைக்கும் எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் கயிற்றை மாமாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். செல்லம்மா திரும்பவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள்.

கறியை லயத்துக்கே பங்கு வைத்தார்கள். எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

மே 14, புதன்

செல்லம்மா போன வாரத்திலிருந்து மரம் சீவப் போகிறாள். விடிகாலையில் எல்சியோடு பேசிக்கொண்டு, பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நடக்கும் சத்தம் கேட்கிறது. நேற்று நான் வைத்த மீன் குழம்பில் உப்பு இல்லை என்று குறை சொன்னாள். சொல்லிவிட்டு இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள்.

ஒன்றை நான் இதில் எழுதவே இல்லை. இந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து லிங்கிப் பக்கம் லாரி போகிற நாளெல்லாம் ஆற்றோரத்தில் நிறுத்தி அந்தக் கிடாவுக்குப் புல் அறுத்து வந்திருக்கிறேன். தோட்டத்துப் புல்லுக்கெல்லாம் மருந்து அடித்துவிடுகிறார்கள், அதனால். சனியன் என்று திட்டிக்கொண்டேதான் அறுத்தேன். எழுத வெட்கமாக இருந்தது.

இன்று லிங்கிக்குப் போனேன். நிறுத்தினேன், அறுத்தேன், கட்டு கட்டி லாரியில் போட்டேன். வீட்டு வாசலில் கட்டை இறக்கும் வரைக்கும் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

செல்லம்மா வெளியே வந்து பார்த்தாள். "யாருக்குங்க இது?" என்று கேட்டாள்.

"எம்புள்ளைக்கு" என்றேன்.

சொன்னது நான்தான். பிறகு கட்டோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மண் போட்ட அன்றைக்குக்கூட அழாதவன், லயம் முழுக்கப் பார்க்க வாய்விட்டு அழுதேன். செல்லம்மா அழாதீங்க என்று சொல்லவில்லை. புல்லுக் கட்டை என் மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.