நாற்பத்தேழாம் மைல் கம்பம்

ஸ்பிரூஸ் ஏரி, மினசோட்டா
ஆகஸ்ட் 19

அன்புள்ள லார்ஸ்,

இங்கே நானும் அப்பாவும் நலம், உன் தங்கை பிரிட்டாவும் நலம், நாய்க்கு மட்டும் காதில் சீழ். அலாஸ்காவில் நீயும் நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நம்பிக்கைதான், ஏனென்றால் போனில் "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா" என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒரு சொல் வருவதில்லை, அப்பாவின் பிள்ளை வேறு எப்படி இருப்பாய். பல் வலி என்றாயே, போய்க் காட்டினாயா? மீன் பதப்படுத்தும் ஆலையில் டப்பாவில் அடைத்ததையே மூன்று வேளையும் தின்றுகொண்டிருந்தால் பல் என்ன, குடலும் போகும். இதைப் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கடைசிவரை படித்தால் உனக்கே தெரியும், நடுவில் நிறுத்தாதே.

தேர்தல் ஒருவழியாக முடிந்தது. வாஷிங்டனில் இருபத்திரண்டு வருஷமாக நமக்காக உட்கார்ந்திருக்கிறாரே வெண்டல் ஓஸ்ட்பி, அவரை நம் கட்சிக்குள்ளேயே ஒருத்தி எதிர்த்து நின்றாள். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ரெனே கோபிட்ஸ்கிதான். நவம்பர் தேர்தலுக்கு நம் கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்கிற பிரைமரி, வழக்கமாக நான் காபி போட்டு வைத்து, பத்துப் பேர் வந்து குடித்துவிட்டுப் போகிற சமாசாரம். இந்தத் தடவை ஊரே இரண்டாகப் பிரிந்துவிட்டது. நான் எப்போதும் போல வெண்டலின் பலகையை வாசல் புல்வெளியில் நட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால், கார் கொட்டகைப் பக்கத்தில் ரெனேயின் பலகை! உன் அப்பாவின் வேலை. ஏன் என்று கேட்டால், "அந்தப் பொண்ணு ரோட்டப் பத்திக் கேள்வி கேட்டா, பதில் சொல்றப்ப கவனிச்சுக் கேட்டா" என்றார், அவ்வளவுதான். தபால்காரர் ஒவ்வொரு நாளும் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, "இன்னிக்கு யாரு கட்சி ஜெயிக்குது, மார்லிஸ்? அடுப்படியா, கார் கொட்டகையா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

சண்டையெல்லாம் நம் நெடுஞ்சாலையைப் பற்றித்தான். சாலையை அகலமாக்கி வளைவுகளை நேராக்க மத்திய அரசிலிருந்து பணம் வாங்கிவிட்டேன் என்று வெண்டல் மூன்று வருஷமாக ஊர்வலம் தோறும் மிட்டாய் வீசிக்கொண்டே சொல்லிவந்தார். ரெனே என்ன செய்தாள், பணம் ஒதுக்கிய காகிதத்தையே வாங்கிப் படித்தாள். அதில் முப்பத்தொன்பதாம் மைலிலிருந்து நாற்பத்தேழாம் மைல் வரை என்றுதான் இருக்கிறது. நேராக வண்டியை எடுத்துக்கொண்டு போய் நாற்பத்தேழாம் மைல் கம்பத்தின் பக்கத்தில் நின்றால், சதுப்பு வளைவு அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. கம்பத்தை ஒட்டினாற்போல ஒரு பெரிய பலகை வைத்துவிட்டாள், "பணம் இங்கேயே நின்றுவிட்டது" என்று. ஆளை விழுங்குகிற வளைவை விட்டுவிட்டு வெறும் நேர் ரோட்டுக்குப் பணம் வாங்கி வந்திருக்கிறார் நம் பிரதிநிதி என்று ஊர் ஊராகச் சொன்னாள். வெண்டலின் ஆட்கள் வளைவும் சேர்த்துத்தான் என்றார்கள், ஆனால் காட்ட ஒரு வரைபடம் இல்லை. சாலை அலுவலகத்தில் கேட்டால், அளந்த பிறகுதான் சொல்ல முடியும், அளக்க அடுத்த வருஷமாகும் என்றார்கள். எனக்கு வெண்டல் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிரிட்டா முதியோர் இல்லத்து வேலைக்குத் தினம் இரண்டு தடவை அந்த வளைவைத் தாண்டுகிறாள். பனி விழுகிற நாளெல்லாம் அவள் வண்டி உள்ளே வருகிற வரை நான் சன்னலை விட்டு நகர்வதில்லை. உன்னிடம் அந்த வளைவைப் பற்றி நான் பேசியதே இல்லை, இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீ முக்கால் மணி நேரம் சுற்றிக்கொண்டு ஏரிப் பாதையில் வருகிறாய், நாங்களும் ரோடு எப்படி இருந்தது என்று கேட்காமல் சூப்பை ஊற்றி வைக்கிறோம். இன்றைக்குப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்.

போன மாதக் கடைசியில் தேவாலயக் கூடத்தில் இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் கூட்டம் நடந்தது. நான் ருபார்ப் தண்டு போட்ட கேக் இரண்டு தட்டு கொண்டுபோனேன், கட்சி பார்க்காமல் எல்லோரும் தின்றார்கள். ரெனே எழுந்து மைல் கணக்கைச் சொன்னாள், வெண்டல் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார், கூடத்தில் பாதிப் பேர் கை தட்டினார்கள், சத்தியமாகச் சொல்கிறேன், நானும் தட்டப் பார்த்தேன். அப்போது என் பக்கத்து நாற்காலி கிறீச்சென்றது. உன் அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார்! முப்பத்தொரு வருஷம் பனி ஒதுக்கும் வண்டி ஓட்டியவர், நம் வீட்டுக் கல்யாணங்களில்கூட நாலு வார்த்தை பேசாதவர். "ரெனே, நீ சொல்ற கணக்கு சரி. கம்பந்தான் தப்பு. அத நட்டவன் நான்" என்றார். ரெனேயின் முகம் வெளுத்துப் போனது. யாரோ பின்னாலிருந்து எப்போது என்று கேட்க, "பதினாறு வருஷம் ஆச்சு. அங்க இருந்த கம்பம் ஒடிஞ்சு போச்சு. மண்ணு பனியில ஒறைஞ்சு கெடந்துச்சு, எளகின எடமாப் பாத்து முன்னூறு கெஜம் தெக்கால நட்டேன். நெசமான நாப்பத்தேழு வளைவு முடியற எடத்துலதான். ஒடிஞ்ச அடிக்கட்ட இன்னும் மண்ணுக்குள்ள இருக்கும்" என்றார். பனி வண்டி ஓட்டியவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், ஒவ்வொருத்தரும் ஏதோ ஒரு கம்பத்தை அப்படி நட்டவர்கள்தான். "நாங்கூட ஒண்ண ஒருத்தன் வாசல்ல நட்டுட்டு வந்தேன்ப்பா" என்று ஒரு குரல் வந்தது.

வெண்டலுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, கேக்கை விட்டுவிட்டு எழுந்து ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரெனே பாவம், அவள் பிரச்சாரமே அந்தக் கம்பத்தின் மேல்தான் நின்றது. ஆனாலும் தலையை நிமிர்த்தி, "ஆர்லன், என் பலகைய உங்க வாசல்ல வெச்சுட்டு எனக்கே குழி பறிச்சுட்டீங்களே" என்றாள், கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. அத்தோடு விடவில்லை. "சரி, வளைவு உள்ளதான்னா ஐயா அத எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும், இப்பவே, எல்லாரும் பாக்க" என்றாள். வெண்டல் வேறு என்ன செய்வார்? பாட்டுத் தாளின் பின்பக்கத்தில், சதுப்பு வளைவு முழுவதும் இந்தப் பணத்தில் நேராக்கப்படும், அடுத்த கோடையில் வேலை தொடங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையில் இரண்டு கட்சி ஆட்களும் மண்வெட்டியோடு போனார்கள், அப்பா காட்டிய இடத்தில் தோண்டினால் துருப்பிடித்த அடிக்கட்டை. சாலை அலுவலகத்துக்காரர்கள் அடுத்த வருஷம் என்றவர்கள் நாலே நாளில் வந்து அளந்து அதுவேதான் சரியான இடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். லார்ஸ், எனக்கு அப்படியே தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. பிரிட்டா வேலைக்குப் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன், பயம் விட்ட அழுகை. பிரைமரியில் வெண்டல்தான் ஜெயித்தார், முந்நூற்றுச் சொச்சம் ஓட்டில், ஆனால் நம் ஊரில் ரெனேதான் முதலில் வந்தாள். அவள் பிடிவாதம் பிடிக்காவிட்டால் அந்தக் கையெழுத்து வந்திருக்காது. நான் யாருக்குப் போட்டேன் என்று அப்பாவிடமே சொல்லவில்லை, உனக்கும் கிடையாது.

இப்போது நான் சொல்ல வந்தது. கூட்டம் கலைகிறபோது மூன்றாவது வரிசையிலிருந்து லவோன் எழுந்து வந்தாள். அன்றைக்கு உன் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த கோரியின் அம்மா. நம்மிடம் அவள் ஒருநாளும் முகம் கொடுக்காமல் போனதில்லை, மான் குறுக்கே பாய்ந்தால் பதினேழு வயசுப் பிள்ளை என்ன செய்ய முடியும் என்று முதல் நாளே சொன்னவள், அது உனக்கும் தெரியும். அப்பாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு மெதுவாக, "அந்த அக்டோபர்ல மண்ணு ஒறையலியே, ஆர்லன்" என்றாள். வேறெதுவும் கேட்காமல் கையை அழுத்திவிட்டுப் போய்விட்டாள். தன் மகனுக்குக் குழி வெட்டிய வாரம் மண் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாமல் போகுமா? எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வாரம் நானும் பிரிட்டாவும் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தோம், கையாலேயே கிளறலாம் போல மண். அந்தக் கம்பம் எந்த வண்டி மோதி ஒடிந்தது என்று நான் ஏன் இத்தனை வருஷம் யோசிக்கவே இல்லை?

வண்டியில் வரும்போது கேட்டேன். பாதி வழியில் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "பையனுக்குப் பள்ளிக்கூடம் இன்னும் எட்டு மாசம் இருந்துச்சு. தெனம் பஸ்சு அந்த வழியாத்தான் போவும். அந்த எடத்துல புதுக் கம்பம் பளபளன்னு நிக்கணுமா? கொண்டுபோய்த் தள்ளி நட்டேன். மைல் கணக்கு தப்பும்னு தெரியும். தப்பட்டும்னு விட்டுட்டேன்." இவ்வளவுதான் சொன்னார், வீடு வந்ததும் நாயின் காதுக்கு மருந்து போடப் போய்விட்டார். பதினாறு வருஷமாக அவருக்கு உன்மேல் வருத்தம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், அவர் பேசாததால் நானும் சில நாள் அப்படி நினைத்ததுண்டு. நாம் இரண்டு பேருமே மடையர்கள், லார்ஸ். அந்த மனிதர் அரசாங்கத்து மைலையே உனக்காக நகர்த்தி வைத்திருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை சாலை அலுவலகத்து ஆட்கள் புதுக் கம்பத்தைச் சரியான இடத்தில் நட வந்தபோது அப்பாவும் போய்ப் பிடித்துக்கொண்டு நின்றார். லவோன் ஒரு குவளையில் டெய்சிப் பூ கொண்டுவந்து அடியில் வைத்தாள். அடுத்த கோடையில் வளைவு இருக்காது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு இருக்கும், அதனால் நீ எந்த வழியாக வந்தாலும் சரி, சூப் சூடாக இருக்கும், யாரும் ரோட்டைப் பற்றிக் கேட்க மாட்டோம். பல்லை டாக்டரிடம் காட்டிவிடு, மறக்காதே. கம்பளி உள்சட்டை இரண்டு தனியாக அனுப்பியிருக்கிறேன், பெட்டியிலேயே வைத்திருக்காமல் போட்டுக்கொள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், நீ கால் வைக்கிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும்.

உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா (மார்லிஸ்)

கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தார். எதையும் அடிக்கச் சொல்லவில்லை, பேனாவை மட்டும் கேட்டு வாங்கினார்.

லார்ஸ், கம்பம் இப்ப சரியான எடத்துல நிக்குது. எந்த வழியா வந்தாலும் மெதுவா வா. — அப்பா