ஜெட்டி வரை கேட்கும் வண்டி

ஜூலை 7, திங்கள்

விடியுமுன்னே மழை. நின்றது, மறுபடி பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுகிற இரைச்சலில் போனுக்கு என் குரல் கேட்கிறதோ என்னவோ. மருமகன் லூர்து கப்பல் வேலைக்குப் போகுமுன் வைத்துக் கொடுத்த வசதி. நான் பேசினால் எழுத்தாக விழுமாம். விழுந்ததைப் படிக்க எனக்குத் தெரியாது. நல்லதுதான், என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

இன்று: அரிசி. முழங்கால் தைலம். கோழிக்கூட்டுக்கு ஒரு பலகை.

பிலோமி முதல் படகுக்குப் போய்விட்டாள். என் மகள். போர்ட் பிளேரில் ஒரு ஓட்டலில் காலைச் சமையல். லூர்தின் மோட்டார் சைக்கிளில் மேட்டிலிருந்து இறங்கி, பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் வண்டியோடு படகேறி, அக்கரையில் சாத்தத்தில் இறங்கி ஓட்டுவாள். அந்த நேரத்தில் அங்கே பஸ் கிடையாது.

வண்டி இறங்குவதைப் படுத்தபடியே கேட்பேன். டிக் டிக் டிக். வளைவு, கோயில், மீன் கடை, ஜெட்டி. கண்ணை மூடினால் நான் வேலை பார்த்த பழைய படகு. இஞ்சின் பெட்டி மேல் சூடான பலகை, அதில் முதுகு. வெளிச்சம் வராத கடல், கழுவின சிலேட்டு நிறம். யாரோ டீயை நீட்டுகிறார்கள். முகம் தெரிவதில்லை, கையில் இருக்கும் தழும்பு தெரிகிறது. கூட வேலை பார்த்த பிச்சையா அண்ணன் கை. அவர் போய் எத்தனையோ வருஷம்.

மாலை. பிலோமி நனைந்து, கோபத்தோடு வந்தாள். சாத்தத்தில் படகின் பலகை இறங்கினதும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. முன்பும் இப்படி நடந்திருக்கிறது. பின்னால் லாரி, ஜீப், எல்லாரும் ஹார்ன். கரும்புகை, பெட்ரோல் வாடை. தள்ளி இறக்கியிருக்கிறார்கள். படகு ஓட்டுகிற சராங்கு நல்ல மனுஷன், அவரே சொல்லிவிட்டாராம்: "பஹன், இன்னொரு வாட்டி நின்னா இந்த வண்டிய நான் ஏத்த மாட்டேன்."

ஓட்டல் பெண்கள் தங்கும் அறையில் ஒரு கட்டில் காலியாம்.

"வண்டிய வித்துட்டு அங்கனயே தங்கிருதேன் யப்பா. ஞாயித்துக்கிழமை வாரேன்."

சரி என்றேன். ரசம் நன்றாக இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

தூறல். பிலோமி ஞாயிறு வரை லீவு. இரண்டு பேரும் தபன் பட்டறைக்கு. தபன் வங்காளத்துப் பையன், என்னைச் சாச்சா என்பான்.

லூர்து போகுமுன் வண்டிக்குப் புது பைப்பு, புது சைலன்சர் போட்டான். அதற்கு ஏற்றபடி, பெட்ரோல் அளந்து விடுகிற ஈசியூ பெட்டியிலும் கணக்கை மாற்றினான். அதிலிருந்துதான் வண்டி இப்படிப் பெட்ரோல் குடிக்கிறது. தபன் பிளக்கைக் கழற்றிக் காட்டினான். விளக்குக் கண்ணாடிக் கரி. ரிச் ஓடுது என்றான், பெட்ரோல் ஜாஸ்தி, காற்று கம்மி.

கரும்புகை என்றால் காற்று வழி அடைப்பு, பில்டரைப் பார் என்றேன். படகில் அப்படித்தான். திறந்தான். துவைத்த வேட்டி மாதிரி இருந்தது. "சாச்சா, யே டோங்கி நஹி ஹை," என்றான். இது டோங்கி இல்லையாம்; டோங்கி என்றால் இங்கே எங்கள் இஞ்சின் படகு. எனக்கும் சிரிப்புதான்.

ஈசியூவில் பழைய கணக்கையே திருப்பிப் போட்டுப் பார்த்தான். அப்போதும் புகை. அப்படியானால் அது காரணமில்லை.

பன் தின்றேன். பல்லில் ஒட்டிக்கொண்டது.

ஜூலை 10, வியாழன்

வெயில் கொஞ்சம். துணி காய்ந்தது.

தபன் வண்டியில் ஒரு கருவியைச் சொருகினான். சைலன்சர் பைப்பில் புகையை மோந்து பார்க்கிற சென்சர் ஒன்று உண்டாம். அது பெட்ரோல் போதவில்லை என்கிறது, ஈசியூ அதை நம்பி இன்னும் ஊற்றுகிறது. பிளக்கோ கரியாக நிற்கிறது.

"ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது" என்றாள் பிலோமி.

சென்சர்தான் போச்சு, மெயின்லேண்டிலிருந்து வரணும் என்றான் தபன். ஜஹாஸ் ஆனே தோ. கப்பல் வரட்டும். இந்தத் தீவில் எதற்கும் இதே பதில். வெங்காயத்துக்கு, சிமெண்டுக்கு, டாக்டருக்கு, மாப்பிள்ளைக்கு.

மத்தியானம் கண்ணசந்தேன். கனவில் மழை மேலே, கீழே தண்ணீர், நடுவில் இஞ்சின். எந்தக் கரைக்குப் போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை.

எழுந்தபோது பிலோமி பை கட்டிக்கொண்டிருந்தாள். கொசுவலையும் உள்ளே போனது. அவள் கட்டில் தனியாக, பெரிதாக.

ஜூலை 12, சனி

காலையில் மூடுபனி மாதிரி மழை. கோழி ஒன்று முட்டையைக் கூட்டுக்கு வெளியே விட்டிருந்தது.

வண்டி நனைந்து கிடந்தது. விலை பேச ஆள் வருவான் என்று பிலோமி துடைத்து ஸ்டார்ட் பண்ணினாள். நான் டீயோடு பக்கத்தில். கண் மூடியிருந்தேன். விரல் தானாக டம்ளரில் தாளம் போட்டிருக்கிறது.

என்ன யப்பா தட்டுதீக என்றாள். நம்ம படகும் இப்படித்தான் பிள்ள, காலைக் குளிரில் தொண்டையில் டிக் டிக் என்னும், சூடானால் குறையும் என்றேன்.

வண்டியை அணைத்தாள்.

"படகுல அது எங்கிட்டு இருந்து வரும்?"

இஞ்சினிலிருந்து புகைப் பைப்பு கிளம்புகிற மூட்டில். அங்கே அஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றியிருப்போம். கயிறு தளர்ந்தால் புகை கசியும், இன்னும் ரெண்டு சுற்று சுற்றுவோம். படகில் கொஞ்சம் கசிந்தால் யார் கவலைப்பட்டது.

சோப்புத் தண்ணீர் கரைத்து வந்தாள். ஈரத்துணியால் சைலன்சர் வாயைப் பாதி பொத்தச் சொன்னாள், பொத்தினேன். ஸ்டார்ட் பண்ணி, மூட்டில் நுரையை ஊற்றினாள். குமிழ் குமிழாக வந்தது. டார்ச்சோடு சேற்றிலேயே படுத்துவிட்டாள்.

உள்ளே கயிறு. படகுக் கயிறு.

லூர்து சுற்றினது. அவனும் படகில் வளர்ந்தவன்தானே. அன்றைக்கு அந்த மூட்டை அடைக்கிற பேக்கிங் வளையம் தீவில் இல்லை. கப்பல் வந்ததும் மாற்றலாம் என்று கட்டியிருக்கிறான். கப்பல் வந்தது, அதில் ஏறிப் போய்விட்டான்.

பிலோமி எனக்கு விளக்கினாள். புகை வெளியே வருகிற சந்தில் காற்றும் உள்ளே போகுமாம். தள்ளியிருக்கிற சென்சர் அந்தக் காற்றை மோந்து, பெட்ரோல் கம்மி என்று நினைத்துக்கொள்ளுமாம்.

"சென்சர் பொய் சொல்லல யப்பா. நாமதான் அதுக்குப் பொய்யக் காட்டிருக்கோம்."

நல்லவேளை, போனில் லூர்து கிடைத்தான். கடல் இரைச்சல். அவள் எல்லாம் சொன்னாள். பிறகு மாமா பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டானாம்.

"இருக்காக. சிரிக்காக."

விலை பேசுகிற ஆளிடம் திங்கள் வரை பொறு என்று சொல்லியாயிற்று.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்து தபன் பட்டறை. அவனுக்கு ஞாயிறு கிடையாது. கப்பல் வரட்டும் என்று ஆரம்பித்தான், பிலோமி பார்த்த பார்வையில் நிறுத்தினான். பின்னால் அடிபட்டுக் கிடந்த அதே மாதிரி வண்டியிலிருந்து செம்பு வளையம் ஒன்றை எடுத்தான். நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டான். இளகுமாம், அப்போதுதான் மூட்டில் உட்காருமாம். புது பிளக். ஈசியூவில் லூர்தின் கணக்கே திரும்ப.

ஸ்டார்ட். புகை இல்லை. நெடுநேரம் ஓடவிட்டுப் பிளக்கைக் கழற்றினான், காய்ந்த தென்னை மட்டை நிறம்.

டிக் டிக் இல்லை. காதில் ஒரு இடம் காலியான மாதிரி.

பை இன்னும் கதவோரம். பிரிக்கவில்லை அவள். படகிலிருந்து இறங்கும்போது ஸ்டார்ட் ஆனால்தானே தெரியும் என்றாள்.

ஜூலை 14, திங்கள்

மழை இல்லை. நட்சத்திரம் ரெண்டு மூன்று இருந்தது.

பிலோமி இறங்கிவிட்டாள். வளைவு வரை கேட்டது, அப்புறம் ஒன்றுமில்லை. கோயிலா, மீன் கடையா, தெரியவில்லை. ஜெட்டியிலிருந்து படகு ஹார்ன் மட்டும்.

பேச்சு இதுதான்: சாத்தத்தில் ஸ்டார்ட் ஆனால் ஒரு மிஸ்டு கால். ஆகாவிட்டால் கூப்பிட்டுப் பேசுவாள்.

சும்மா இருக்க முடியாமல்தான் இதில் பேசுகிறேன். தண்ணீர் மேல் வெள்ளையாகப் புகை மாதிரி. படகு அதற்குள் போய்விட்டது. இந்நேரம் வண்டிகள் வரிசையாக நிற்கும், எல்லாரும் சாவியில் கை வைத்து. நானும் அதில் நிற்கிற மாதிரி காலடியில் ஆடுகிறது.

பலகை இறங்கியிருக்கும்.

இன்னும்

மணி. எடுக்கக் கை போகுமுன் நின்றுவிட்டது. அவ்வளவுதான். திரும்ப அடிக்கவில்லை.

இன்று: கோழிக்கூட்டுப் பலகை. பையிலிருந்து கொசுவலையை எடுத்து அவள் கட்டிலில் கட்டணும்.