மாதாவுக்குத் தராத செண்டுமல்லி

மச்சான்,

காலையில் உன் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். கையில் ஒட்டிய செண்டுமல்லி வாசனை இன்னும் போகவில்லை. அதற்குள் வாசலில் மாதா கோயில் உபதேசியார், கூடையோடு. மாதா திருவிழாவுக்குத் தேர் சோடிக்கப் பூ வேண்டுமாம். அன்றைக்கும் இதே கூடைதான்.

அப்போது ராயபுரத்திலேயே பூ இருந்த வீடு உன்னுடையது ஒன்றுதான். துறைமுகத்தில் கழித்துப்போட்ட கிரீஸ் டின்களில் நீ வளர்த்த செண்டுமல்லி ஒவ்வொன்றும் கப்பல் சுக்கான் அளவு. பக்கத்தில் பறிக்காமல் பூக்கவிட்ட கொத்தமல்லி. நடுவில் அவரைப் பந்தல். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற நீ, உபதேசியார் முகத்துக்கு நேரே சொன்னாய்: "பூவு தர முடியாதுங்க. இது மாதாவுக்கு இல்ல, வண்டுக்கு."

ரயில் யார்டில் கரி எஞ்சின்கூட மூச்சை நிறுத்தியது. வானம் இடிந்து விழுமென்று நான் சுவரோரம் ஒதுங்கினேன். உன் மனைவி, என் தங்கை, சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இன்னா மச்சான், நரகத்துக்கு டிக்கெட் எடுத்துட்டியா?" என்றேன்.

நீ ஓர் அவரை இலையைத் திருப்பிக் காட்டினாய். கறுப்புச் செடிப்பேன் அப்பிக் கிடந்தது. ஒரு பொறிவண்டு அதை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"பேனு அதுக்குக் கறி. பூவுல கீற மஞ்சத் தூளு சோறு. சோறு இல்லாத வூட்ல எவன் குந்துவான்?"

அந்த வருஷம் தெருவே உன்னோடு பேசவில்லை. உன் அவரைக்காயை மட்டும் தின்றது.

பிறகு ஒரு பகல் ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். பெட்டிமேல் வைக்கப் பூ பறிக்கப் பெண்கள் கத்திரிக்கோலோடு தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். யாரோ ஒரு பைத்தியக்காரன் குறுக்கே நின்று, "ஒண்ணக்கூடத் தொடக் கூடாது" என்று கத்தினான். பார்த்தால் நான்தான். எனக்கே அதிர்ச்சி.

"பொணத்துக்குக்கூடவா பூவு இல்ல? இன்னா குடும்பம்மா இது" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

தங்கை அழுகையை நிறுத்தி, "வுடுக்கா. அவரே இருந்தாலும் தந்திருக்க மாட்டாரு" என்றாள்.

வெறும் பெட்டியாகவே போனாய். லட்சம் பொறிவண்டுகள் கல்லறை வரை உன் பின்னால் பறந்து வந்தன என்று எழுதக் கை துடிக்கிறது. ஒன்றுகூட வரவில்லை மச்சான். எல்லாம் பந்தலில் வேலையாக இருந்தன.

"இந்த வருஷமாச்சும்?" என்று இன்று காலை உபதேசியார் கூடையை நீட்டினார். உன் வீம்பு இப்போது என்னிடம் இருக்கிறது. கூடை நிறைய அவரைக்காய் போட்டு அனுப்பினேன். மாதா தேரில் அவரைக்காய் மாலையோடு வந்தால், மேலே உன்னைத்தான் கேட்பார்கள். பதில் நீ சொல்லிக்கொள்.