சஜுவுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை

குன்னத்துகால்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு ஷியாமளா எழுதுவது. நானும் பிள்ளை ஆதிராவும் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? போனில் சொன்னால் பாதியிலேயே கத்திவிட்டு வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நம் பட்டறையை விட்டுப் போய்க் காஞ்சிரங்குளத்தில் தனிப் பட்டறை போட்டானே சஜு, அவனுக்கு ஜேசிபி சிலிண்டரில் சீல் மாட்டும் வேலையை முழுதாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். ஆமாம், அங்கே தம்மாம் கம்பெனியில் நீங்கள் கற்று, வீடியோவில் எனக்குக் காட்டித் தந்த அதே வேலைதான். "அந்தப் பயல வாசல்ல ஏத்தாதே" என்று நீங்கள் சொன்னது மறக்கவில்லை. அவன் போன அன்று உங்களைவிட அதிகம் கொதித்தவள் நான். நாசமாகப் போகட்டும் என்றுகூடச் சொன்னேன்.

அவன் நாசமானால் நாமும் கூடத்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. பாதி வேலையைத்தான் அவன் பார்த்துவிட்டுப் போயிருந்தான். சீலைச் சூடான ஆயிலில் இளக்கி மாட்டத் தெரியும். மாட்டியபின், விரிந்த சீலை வளையம் போட்டு இறுக்கி, ஆறவிட்டு, பழைய அளவுக்குக் கொண்டுவரத் தெரியாது. அவன் கை பட்ட சிலிண்டரிலெல்லாம் பத்தே நாளில் ஆயில் ஒழுகியது. இந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்றும் கொள்ளாது என்று ஜேசிபிக்காரர்கள் நாகர்கோவிலுக்குப் போக ஆரம்பித்தார்கள். எட்டு வருஷமாக நம்மிடம் வந்த சத்தியதாஸ் அண்ணனும் போய்விட்டார். "ஒங்ககிட்ட படிச்ச பயதானே அவன்" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். அழுகையே வந்துவிட்டது. ஒரு மாதம் பட்டறையில் ஈ ஓட்டினேன்.

ஒரு நாள் காலை வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டு நானே பஸ் ஏறினேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்த சஜு, "தப்பு எனக்கதாக்கும் அக்கா" என்று எழுந்து நின்றான். மூன்று நாள் கூட இருந்து காட்டினேன். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. வளையத்தின் உள்வாயை லேத்தில் சற்றுச் சரிவாகக் கடைந்து தந்தான். இப்போது சீல் கீறாமல் இறங்குகிறது. இது உங்கள் கம்பெனிக்காரனுக்குத் தெரியுமோ என்னவோ, நமக்குத் தெரியாது.

போன மாதம் கோட்டுகாலிலிருந்து ஒரு காண்ட்ராக்டர் வந்தார். துறைமுகப் பக்கம் மண் அள்ளும் வண்டி இருபது ஓடுகிறதாம். "ஒரு பட்டறையால ஆகாது, ரெண்டு பேரும் சேந்தா தாறேன்" என்றார். சேர்ந்தே எடுத்துக்கொண்டோம். சத்தியதாஸ் அண்ணனும் ஒன்றும் நடக்காத மாதிரி திரும்ப வருகிறார். துபாய்க்குப் போக இருந்த சஜுவின் தம்பி நிஜின், ஏஜெண்டிடமிருந்து பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு இங்கேயே வேலைக்கு நிற்கிறான். அப்படியும் ஆள் போதவில்லை.

சஜுவுக்கு ஒரு போன் போடுங்கள், அத்தான். திட்டத்தான் வேண்டும் என்றால் என்னைத் திட்டுங்கள்.

இன்னொன்று. வேலை தெரிந்த ஆள் வேறு யார் உண்டு என்று காண்ட்ராக்டர் கேட்டார். மார்ச்சில் விசா முடிந்ததும் ஒருவர் வருவார், பிறகு போகமாட்டார் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் நான் செய்த இரண்டாவது காரியம் இது. என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள்
ஷியாமளா